முதல் பேஸுக்கு நான்கு நொடி: இச்சிரோ சுசுகி பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் ஜப்பானில் பிறந்த வீரர் ஒருவர் முதன்முறையாக இடம்பெற்றது 2025-இல். பதிவான 394 வாக்குகளில் 393 இச்சிரோ சுசுகிக்கு விழுந்தன. அதிலிருந்து அவருடைய சிறுவயதுப் பயிற்சி, ஆட்டமுறை, சாதனைகள் பற்றிக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். பேட்டிங் சராசரி .350 என்கிறார்கள். ஒரு ரன் கூட இல்லையே! இதற்கா இவ்வளவு கொண்டாட்டம்? (சேலம்)

பதில்: அது ரன் கணக்கே அல்ல. பேட்டர் பந்தை அடித்து, ஃபீல்டர் தவறு எதுவும் செய்யாமல், பத்திரமாக ஒரு பேஸை (மைதானத்தில் ஓடி அடைய வேண்டிய மூலைகளில் ஒன்றை) அடைந்தால் அது ஒரு ‘ஹிட்’. எத்தனை முறை அடிக்க முயன்றார், அதில் எத்தனை ஹிட் என்ற விகிதம்தான் சராசரி. பந்து வீசுபவரான பிட்ச்சர் நான்கு பந்துகளை வெளியே போட்டு, பேட்டர் சும்மா நடந்து போகும் ‘வாக்’ இந்தக் கணக்கில் சேராது. பத்துக்கு மூன்று ஹிட், அதாவது .300 எடுத்தாலே நல்ல பேட்டர். பிட்ச்சர் நிற்கும் மேட்டுக்கும், பேட்டர் பக்கத்தில் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். 150 கிலோமீட்டர் வேகப் பந்து அதைக் கடக்க அரை நொடி கூட ஆகாது. உருளை மட்டையால் அதை அடிக்க வேண்டும் என்பதால்தான் பத்துக்கு ஏழு முறை தோற்பவர் கூட நட்சத்திரம்.

இன்னொரு வேறுபாட்டையும் மனதில் வையுங்கள். கிரிக்கெட்டில் தட்டிவிட்டு நிற்கலாம், ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இங்கே பந்து கோட்டுக்குள் விழுந்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும். 27.43 மீட்டர் தொலைவிலுள்ள முதல் பேஸுக்குப் பந்து முந்தினால் அவுட், கால் முந்தினால் ஹிட். இச்சிரோவின் வாழ்க்கை முழுவதும் இந்த ஓட்டத்தைச் சுற்றியே அமைந்தது.

கேள்வி: மூன்று வயதிலிருந்து அப்பா பயிற்சி கொடுத்தாராமே? தினமும் என்ன செய்வார்கள்? என் மகனுக்கு 9 வயது, அதே மாதிரிப் பழக்கலாமா? (திருநெல்வேலி)

பதில்: 1973 அக்டோபர் 22-இல் பிறந்த இச்சிரோ வளர்ந்தது ஐச்சி மாநிலத்தில், நகோயா விமான நிலையத்தை ஒட்டிய டொயோயாமா என்ற சிற்றூரில். மூன்று வயதில் அப்பா நோபுயுகி ஒரு கிளவுஸ் வாங்கிக் கொடுத்தார். ஏழு வயதில் அன்றாடப் பயிற்சி தொடங்கியது. பள்ளி விட்டதும் இருவரும் மைதானத்துக்குப் போவார்கள். பையன் சுமார் ஐம்பது பந்து வீசுவான். அப்பா வீசுவதில் இருநூறு பந்துகள் வரை அடிப்பான். பிறகு தரையில் உருண்டு வரும் பந்தில் ஐம்பது, உயரப் பந்தில் ஐம்பது பிடிப்பான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரிலிருந்த பேட்டிங் சென்டர். காசு போட்டால் இயந்திரம் பந்து வீசும் இடம் அது. அங்கே இன்னும் 250 முதல் 300 பந்துகள். இருந்த இயந்திரங்களின் வேகம் பையனுக்குப் போதாமல் போகவே, உரிமையாளர் அவனுக்காகவே வலுவான ஸ்பிரிங் மாட்டிக் கொடுத்தார். இரவு தூங்கும் முன் அப்பா பாதங்களைப் பிடித்து விடுவார்.

ஆறாம் வகுப்பில் எழுதிய கட்டுரையில், மூன்றாம் வகுப்பிலிருந்து ஆண்டின் 365 நாளில் 360 நாள் கடும் பயிற்சி என்றும், வாரத்தில் நண்பர்களோடு விளையாட ஐந்தாறு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றும் எழுதியிருக்கிறான். தொழில்முறை அணியில் சேரும்போது ஒப்பந்தப் பணமாக 10 கோடி யென்னுக்கு மேல் வாங்குவேன் என்பதும் அதே கட்டுரையில்தான்.

இதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அப்பாவைத் தெய்வமாக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பயிற்சி கிட்டத்தட்ட துன்புறுத்தல்தான் என்ற பொருளில் பின்னாளில் மகனே பேசியிருக்கிறார். உடல் கணக்கும் உண்டு. இயந்திரப் பந்தை அடிப்பதும் பந்து வீசுவதும் ஒன்றல்ல. வீசும்போது முழங்கையின் உள்பக்கத் தசைநாரும், சிறுவர்களுக்கு அங்கே இன்னும் மூடாத எலும்பு வளர்ச்சித் தட்டும் இழுபடும். அமெரிக்காவில் சிறுவர் ஆட்டங்களுக்கான பரிந்துரைப்படி 9, 10 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 75 வீச்சு. 20 வரை வீசினால் மறுநாளே வீசலாம். 21–35 என்றால் ஒரு நாள், 36–50 என்றால் இரண்டு நாள், 51–65 என்றால் மூன்று நாள், அதற்கு மேல் போனால் நான்கு நாள் ஓய்வு. வலி எடுத்த பிறகு எண்ணத் தொடங்குவதுதான் பெற்றோர் பலர் செய்யும் தவறு.

இயந்திரத்துக்கும் ஒரு குறை உண்டு. ஒரே வேகம், ஒரே இடம். மட்டையின் பாதை சீராகும், ஆனால் ஏமாற்றுப் பந்தைக் கண்டுபிடிக்கும் கண் வராது. அதற்குக் கையால் வீசுபவர் ஒருவர் வேண்டும்.

கேள்வி: வலக்கையால் எறிகிறார், இடக்கை ஆட்டக்காரராக அடிக்கிறார். பிறவியிலேயே அப்படியா? (கோயம்புத்தூர்)

பதில்: இல்லை. வலக்கைப் பழக்கமுள்ள பையனை அப்பாதான் மாற்றினார். ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் முதல் பேஸ் வலப்பக்கம் இருக்கிறது. இடக்கை பேட்டர் பிளேட்டுக்கு வலப்புறம் நிற்பதால் ஒரு எட்டு முன்னாலேயே இருக்கிறார். மட்டையைச் சுழற்றி முடித்ததும் உடம்பு தானாகவே முதல் பேஸ் பக்கம் திரும்பும். வலக்கை பேட்டரின் உடம்போ எதிர்ப்பக்கம் சுழன்று, நின்று, பிறகு திரும்ப வேண்டும். வழக்கமாக இதற்கு ஒரு விலை உண்டு: இடக்கை பிட்ச்சர் வீசும் பந்து இடக்கை பேட்டரை விட்டு விலகிப் போகும் என்பதால் சராசரி இறங்கும். இச்சிரோவுக்கு நேர்மாறு. அமெரிக்காவில் வலக்கை பிட்ச்சர்களைவிட இடக்கை பிட்ச்சர்களிடம்தான் அவர் சராசரி கூடுதல்.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் டிராஃப்டில் நான்காவது சுற்று வரை யாரும் எடுக்காதது ஏன்? (ஈரோடு)

பதில்: அணிகள் புது வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். தாமதத்துக்கு உடம்புதான் காரணம். உயரம் 180 செ.மீ. இருந்தாலும் ஒல்லிக்குச்சி. ஐகோடாய் மெய்டென் உயர்நிலைப் பள்ளியில் அவர் பிட்ச்சர். இரண்டாம் ஆண்டில் சைக்கிளில் போகும்போது கார் மோதிக் காலில் அடிபட்டது. அதன்பின் வீச்சு முறை பழையபடி திரும்பவில்லை. நாடே பார்க்கும் கோஷியென் பள்ளிப் போட்டிக்கு இரண்டு முறை போனார், 1990 கோடையிலும் 1991 வசந்தத்திலும். இரண்டிலும் முதல் ஆட்டத்தோடு பெட்டி கட்டியாயிற்று. அணிகளுக்காக வீரர்களைத் தேடி வருபவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள். அங்கே ஒரு ஆட்டத்தில் எவ்வளவு காட்ட முடியும்? 1991 நவம்பரில் கோபே நகரின் ஓரிக்ஸ் ப்ளூவேவ் நான்காவது சுற்றில் எடுத்தது, பேட்டராக.

கேள்வி: ‘ஊசல்’ பாணி என்று ஒன்றைச் சொல்கிறார்கள். அது என்ன? பயிற்சியாளர் ஏன் அதை வெறுத்தார்? (தஞ்சாவூர்)

பதில்: ஆட்டத்தின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பாடப்புத்தக முறையில் எடை பின்னங்காலில் இருக்கும். முன்னங்கால் சிறிதாக எட்டு வைக்கும். தலை அசையாது. உடம்பு அச்சு போல நின்று சுழலும். இச்சிரோ செய்தது வேறு. பிட்ச்சர் காலைத் தூக்கும்போதே இவரும் வலக்காலைத் தரையை விட்டு எடுத்து, இடக்கால் பக்கமாக உள்ளே இழுப்பார். கடிகார ஊசல் போல அந்தக் கால் பின்னே போய் முன்னே வரும். அதோடு இடுப்பும் எடையும் பிட்ச்சரை நோக்கி நகரும். கைகள் மட்டும் பின்னாலேயே, இடத் தோளருகே நிற்கும். வலக்கால் ஊன்றியபின்தான் மட்டை கிளம்பும். பந்தைத் தொடும் நொடியில் எடை முழுவதும் முன்னங்காலுக்கு வந்திருக்கும். அடுத்த அசைவே ஓட்டம்தான்.

இதில் கெடக்கூடியது இரண்டு. ஒன்று, உடம்பு நகர்ந்தால் தலையும் நகரும். கண்மட்டம் ஏறி இறங்கினால் பந்தின் உயரம் தப்பாகத் தெரியும். இரண்டாவது இன்னும் மோசம்: வேகப் பந்தென்று நினைத்து எடையை முன்னே தள்ளியபின் மெதுவான பந்து வந்தால், கைகளும் கூடவே போய்விடும். பிறகு மட்டையில் வலுவே இருக்காது. பந்து இரண்டாம் பேஸ்மேனிடம் சோம்பலாக உருளும். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நடக்கும், ஆகவே பயிற்சியாளர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. இச்சிரோ பிழைத்தது, கால் ஏமாந்தாலும் கை ஏமாறாததால். எடை முழுவதும் முன்னே போன பிறகும் கை பின்னால் காத்திருக்கும், கடைசி நொடியில் மணிக்கட்டால் பந்தை மூன்றாம் பேஸ் பக்கம் தள்ளிவிடும்.

அப்போதைய மேலாளர், அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஷோஸோ டோய், 1965 முதல் 1973 வரை ஒன்பது ஆண்டு தொடர்ந்து பட்டம் வென்ற யோமியூரி ஜயன்ட்ஸ் அணியின் இரண்டாம் பேஸ்மேன். ஒழுங்கு, அடிப்படை என்ற பள்ளியில் வளர்ந்தவர். இச்சிரோ 1992-இல் இரண்டாம் நிலை லீகில் முதலிடம் பிடித்தும் முதல் அணியில் நிலைக்க முடியவில்லை. 1993 ஜூன் 12-இல் பின்னாளில் அமெரிக்காவைக் கலக்கிய ஹிதேயோ நோமோவின் பந்தில் தன் முதல் ஹோம் ரனை (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடி) அடித்தார். அதன் பிறகும் இரண்டாம் அணிக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அங்கே பேட்டிங் பயிற்சியாளர் கெனிச்சிரோ கவாமுரா இந்த முறையை மாற்றச் சொல்லாமல் கூடவே உட்கார்ந்து செதுக்கினார். அவருக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்பது எங்கள் எண்ணம்.

1994-இல் அகிரா ஓகி மேலாளராக வந்தார். ஆடவிட்டார், அவ்வளவுதான். ஜப்பானில் சுசுகி என்ற குடும்பப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். அதனால் சட்டையில் ‘இச்சிரோ’ என்று முதல் பெயரையே போட வைத்ததும் ஓகிதான். அந்த ஆண்டு 130 ஆட்டங்களில் 210 ஹிட், சராசரி .385. ஜப்பானிய லீகில் ஒரே ஆண்டில் 200-ஐத் தாண்டிய முதல் ஆள். அப்போது வயது 20. அதிலிருந்து 2000 வரை ஏழு ஆண்டும் பேட்டிங் பட்டம் அவருக்கே.

கேள்வி: கோபே நிலநடுக்கத்தின்போது அவர் அணி ஆடியதா? (நாகர்கோவில்)

பதில்: ஆடியது. 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேறு ஊருக்கு மாறாமல், ‘விடாதே கோபே’ என்ற பொருள்பட ‘கன்பாரோ கோபே’ என்று சட்டைக் கையில் பொறித்துக்கொண்டு அந்த அணி அதே ஊரில் ஆடியது. அந்த ஆண்டு ஜப்பானின் இரு லீகுகளில் ஒன்றான பசிஃபிக் லீகை வென்று, இறுதித் தொடரில் யாகுல்ட்டிடம் தோற்றது. 1996-இல் யோமியூரியை வீழ்த்திப் பட்டம் வென்றது.

கேள்வி: ஜப்பான் அணியின் வீரர் அமெரிக்க அணிக்கு எப்படிப் போகிறார்? நேராக ஒப்பந்தம் போட முடியாதா? (சென்னை)

பதில்: முடியாது. முதல் அணியில் ஒன்பது ஆண்டு சேவை முடித்தால்தான் வெளிநாடு போகும் முழு விடுதலை. அதற்கு முன் போக ஒரே வழி ‘போஸ்டிங்’. இச்சிரோ போன காலத்தில் நடைமுறை இது: ஜப்பான் அணி வீரரை ஏலத்துக்கு விடும். அமெரிக்க அணிகள் மூடிய உறையில் தொகை எழுதிக் கொடுக்கும். அதிகத் தொகையை ஜப்பான் அணி ஏற்றுக்கொண்டால், அதை எழுதிய அணிக்கு மட்டும் 30 நாள் பேசும் உரிமை. ஒப்பந்தம் ஆனால்தான் அந்தப் பணம் கைமாறும், ஆகாவிட்டால் வீரர் வந்த வழியே திரும்புவார்.

2000 நவம்பரில் சியாட்டில் மரைனர்ஸ் எழுதிய தொகை 1 கோடியே 31 லட்சத்து 25 ஆயிரம் டாலர். வீரருக்கோ மூன்று ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் அளவில்தான். அதாவது பழைய அணி கிட்டத்தட்ட அவருக்கு ஈடாகச் சம்பாதித்தது. பேரம் பேச ஒரே ஒரு அணிதான் எதிரே என்றால் வீரரின் கை கட்டியிருக்கும், இதுதான் அந்த முறையின் ஓட்டை. ஓரிக்ஸும் தர்மத்துக்கு விற்கவில்லை. இன்னும் ஓராண்டு போனால் அவர் விடுதலையாகிவிடுவார், அணிக்கு ஒரு யென் கூட மிஞ்சாது.

பிறகு விதி இரண்டு முறை மாறியது. 2013-இல் ஏலம் போய், உச்சவரம்பு 2 கோடி டாலர் என்று வைத்து, கொடுக்கத் தயாரான எல்லா அணிகளோடும் வீரர் பேசலாம் என்றானது. 2018 முதல் ஒப்பந்தத் தொகையில் சதவீதம்: முதல் 2.5 கோடி டாலருக்கு 20, அடுத்த 2.5 கோடிக்கு 17.5, அதற்கு மேல் 15.

சியாட்டில் ஏன் என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் தலைவராக இருந்த ஹிரோஷி யமௌச்சிதான் அப்போது அந்த அணியின் பெரும்பங்குதாரர். 1999 வசந்தத்திலேயே இச்சிரோ அந்த அணியோடு அரிசோனாவில் பயிற்சி எடுத்தும் இருந்தார்.

கேள்வி: அமெரிக்காவில் முதல் ஆண்டே எப்படிச் சாதித்தார்? எதையாவது மாற்றினாரா? (மதுரை)

பதில்: ஊசலைச் சுருக்கினார். ஜப்பானிய பிட்ச்சர்களில் பலர் காலைத் தூக்கி ஒரு கணம் நிறுத்துவார்கள், பெரிய கால் அசைவுக்கு நேரம் இருக்கும். அமெரிக்காவில் வீச்சுத் தாளம் விரைவு, வேகமும் கூடுதல், நேர்ப்பந்தே கடைசியில் விலகும். ஆகவே காலைத் தூக்கும் உயரத்தையும் இழுக்கும் தூரத்தையும் குறைத்தார். கையைப் பின்னால் வைத்திருப்பதை மட்டும் தொடவில்லை.

பயிற்சி ஆட்டங்களில் எல்லாப் பந்தையும் இடப்பக்கமே தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து மேலாளர் லூ பினெல்லா கவலைப்பட்டு, வலப்பக்கம் இழுத்து அடிக்க முடியுமா என்று கேட்டார். உடனே அந்தப் பக்கம் ஒரு ஹோம் ரன் பறந்தது. பினெல்லா அதன் பிறகு கேட்கவில்லை.

2001-இல் 242 ஹிட், சராசரி .350, திருடிய பேஸ் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) 56. மூன்றிலும், அங்குள்ள இரு லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் முதலிடம். சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த வீரர் என இரு விருதும் ஒரே ஆண்டில். அதற்கு முன் 1975-இல் ஃபிரெட் லின் மட்டுமே வாங்கியிருந்தார். ஒன்பது ஆண்டு தொழில்முறை ஆட்டம் ஆடிய 27 வயதுக்காரரைப் புதுமுகம் என்பதா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. விதிப்படி புதுமுகம்தான்.

அவருடைய கையை அமெரிக்கா தெரிந்துகொண்டது ஏப்ரல் 11 அன்று ஓக்லாந்தில். இச்சிரோ நின்ற ரைட் ஃபீல்டுக்கு, அதாவது வலப்புற வெளி மைதானத்துக்குப் போன பந்தில் டெரன்ஸ் லாங் முதல் பேஸிலிருந்து மூன்றாம் பேஸுக்கு ஓடினார். இச்சிரோ எறிந்த பந்து தரையில் படாமல் தாழ்வாகவே பறந்து மூன்றாம் பேஸில் ஆளை வீழ்த்தியது. பள்ளிப் பிட்ச்சரின் கை வீணாகவில்லை.

கேள்வி: அவர் ஹிட்டுகளில் பாதி, மெதுவாக உருட்டிவிட்டு ஓடியதுதானே? ஹோம் ரன் அடிக்கத் தெரியாதவரை எப்படி மேதை என்பது? (புதுச்சேரி)

பதில்: பாதி இல்லை. ஆனால் கேள்வியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2004-இல் அவர் எடுத்த 262 ஹிட் இன்றும் ஓராண்டுச் சாதனை. அதில் 225 ஒற்றை பேஸ் ஹிட்டுகள். ஜார்ஜ் சிஸ்லர் 1920-இல் எடுத்த 257-ஐ அது முறியடித்தது. சிஸ்லர் காலத்தில் ஓராண்டுக்கு 154 ஆட்டம், இச்சிரோ ஆடியது 161 என்ற எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும்.

உருட்டி ஓடுவது எளிதென்று நினைப்பவர்கள் நேரத்தைக் கணக்கிடட்டும். இரண்டாம், மூன்றாம் பேஸுகளுக்கு இடையே நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிய நான்கு நொடிக்குச் சற்று மேல் ஆகும். சராசரி பேட்டர் 4.2, 4.3 நொடியில் வந்து சேருவார், ஆகவே அவுட். இச்சிரோ நான்கு நொடிக்குள் வந்தார். இதனால் ஃபீல்டர்கள் முன்னே வந்து நிற்க வேண்டியதாயிற்று. முன்னே வந்தால் இடைவெளி அகலமாகும், அடுத்த பந்து அதன் வழியே போகும். அவசரத்தில் கைநழுவலும் கூடும். பலர் இதைக் காப்பியடித்து, அடிக்கும் முன்பே ஓடத் தொடங்கிக் கெட்டார்கள். இடுப்பு முன்னே திறந்துகொண்டால் வெளிப்பக்கப் பந்துக்கு மட்டை எட்டாது.

குறை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்வோம். ‘வாக்’ வாங்கும் பொறுமை அவருக்குக் குறைவு. அமெரிக்காவில் சராசரி .311, ஆனால் எல்லா வழியிலும் பேஸை அடைந்த விகிதம் .355 மட்டுமே. ஹோம் ரன் 117. இந்தக் கணக்கில் அவரைவிட மதிப்புள்ள பேட்டர்கள் இருக்கிறார்கள். ஃபீல்டிங்குக்காக வாங்கிய பத்து கோல்டு கிளவுஸ் விருதுகளையும், 2001 முதல் 2010 வரை பத்து ஆண்டும் 200 ஹிட்டுக்குக் குறையாமல் எடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு ஆள் தெரிவார்.

ஜப்பானின் 1,278, அமெரிக்காவின் 3,089 இரண்டையும் கூட்டி 4,367 என்று, அமெரிக்காவில் அதிக ஹிட் எடுத்த பீட் ரோஸின் 4,256-க்கு மேல் வைப்பதும் சரியல்ல. இரண்டும் வெவ்வேறு லீக். அமெரிக்காவுக்கு 27 வயதில் வந்தவர் 3,000-ஐத் தாண்டினார் என்பதே போதுமான வியப்பு.

கேள்வி: மட்டையைப் பெட்டியில் பூட்டி வைப்பாராமே, மூடநம்பிக்கையா? (வேலூர்)

பதில்: மரத்தின் குணம் அறிந்த செயல். மட்டை மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து எடை கூடும். சில கிராம் கூடினாலும் நுனி கனத்து, சுழற்சி தாமதமாகும். மிசுனோ நிறுவனத்தின் கைவினைஞர் இசோகாஸு குபோடா அவருக்காகக் கடைந்த மட்டை சுமார் 85 செ.மீ. நீளம், 900 கிராம் அளவு, மெலிந்த தலை. மெலிந்த தலை என்றால் பந்து சரியாகப் படும் இடமும் சிறியது. கையில் துல்லியம் இல்லாதவருக்கு அது ஆகாது. அதற்கான மரம், ஜப்பானில் மெதுவாக வளரும் அஓடாமோ, வளையும் தன்மைக்குப் பெயர்போனது. ஈரத்தை இழுக்கும் பொருள் வைத்த கெட்டிப் பெட்டியில்தான் அந்த மட்டைகள் பயணம் செய்யும். உங்களிடம் மர மட்டை இருந்தால் ஈரத் தரையிலும் கார் டிக்கியிலும் போடாதீர்கள்.

கேள்வி: பிட்ச்சராக இருந்தவர் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு பந்தாவது வீசினாரா? (திருச்சி)

பதில்: அணிக்காக ஒரே ஒரு முறை. 2015 அக்டோபர் 4, பிலடெல்ஃபியாவில், ஆண்டின் கடைசி ஆட்டம். அப்போது மயாமி மார்லின்ஸ் அணியில் இருந்த அவருக்கு வயது 41. எட்டாவது இன்னிங்ஸில் (பேஸ்பாலில் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) இறங்கி, மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வரை வீசி, இரண்டு ஹிட்டும் ஒரு ரன்னும் கொடுத்தார். அதற்கு முன் ஜப்பானில் 1996 ஆல்-ஸ்டார் காட்சி ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் மன்னன் ஹிதேகி மட்சுயி அடிக்க வரும்போது ஓகி இவரை வீச அழைத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எதிரணி மேலாளர் கட்சுயா நோமுராவுக்கு இந்த விளையாட்டு பிடிக்கவில்லை. மட்சுயியை உட்கார வைத்துவிட்டு, ஷிங்கோ தகாட்சு என்ற பிட்ச்சரை பேட்டிங்குக்கு அனுப்பினார். தகாட்சு ஷார்ட்ஸ்டாப்பிடம் உருட்டி அவுட்டானார்.